காரணம் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்

உள்துறை அமைச்சர் மாண்புமிகு டத்தோஸ்ரீ சைபுடின் நசுத்தியோன் இஸ்மாயில் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



2017 ஜூன் 9 அன்று தமிழக அரசியல் தலைவர் வைகோ கோலாலம்பூர் விமான நிலையத்தில் வந்திறங்கினார். அன்றைய பினாங்கு இரண்டாம் துணை முதலமைச்சர் பேராசிரியர் பி. இராமசாமியின் மகள் திருமண வரவேற்புக்காகப் பினாங்கு வர வேண்டியவர் அவர். விசா பெற்று, இந்தியக் கடப்பிதழோடு வந்தவரைக் குடிநுழைவு அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். விடுதலைப் புலிகளோடு உள்ள தொடர்பைப் பற்றிக் கேட்டார்கள். மலேசியாவுக்கு ஆபத்தானவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது என்று சொல்லி, அன்றிரவே சென்னைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பினாங்கு மாநில அரசு தலையிட்டும் பலன் இல்லை. அந்த அரசில் தங்கள் கட்சியும் அங்கம் வகித்தது. அப்போது தாங்கள் இந்தப் பொறுப்பில் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலும் அதை எழுதும் அதிகாரமும் இன்று தங்கள் கையில் இருக்கின்றன. அதனால்தான் பழைய நிகழ்ச்சி ஒன்றை முன்வைத்துத் தங்களுக்கு எழுதுகிறேன்.

புலிகளுக்கு வாதாடுவதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைச் சுட்டுக் கொன்றதும், அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வீடு வாசலை விட்டுத் துரத்தியதும், 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்றதும், 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கியைத் தகர்த்ததும் மறக்கக்கூடியவை அல்ல. தமிழர்கள்தாம் முதலில் மறக்கக் கூடாதவர்கள். நம் எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் பங்கேற்ற இருவர் 2000 ஜனவரியில் கோலாலம்பூருக்கு வந்து அல்காய்தா கூட்டமொன்றில் கலந்துகொண்டு சென்றார்கள். 2016 ஜூனில் பூச்சோங் கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வெடித்தது. வைகோ தடுக்கப்படுவதற்கு நான்கே மாதம் முன்பு, 2017 பிப்ரவரியில், வட கொரியத் தலைவரின் அண்ணன் கிம் ஜோங் நாம் நம் விமான நிலையத்திலேயே நச்சு பூசிக் கொல்லப்பட்டார். ஆபத்தான ஆள் என்றால் வாசலிலேயே நிறுத்துவது அரசின் கடமை. அந்தக் கடமையைச் செய்யும்போது காரணம் சொல்லப்பட வேண்டும், அந்தக் காரணத்தை வேறொருவர் சோதித்துப் பார்க்க வழியிருக்க வேண்டும் என்பதே என் வாதம். அது இல்லாத பட்டியலில் கொலைகாரனும் மேடைப் பேச்சாளரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்தப் பட்டியலை நம்பி நாடு நிம்மதியாகத் தூங்க முடியாது.

1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 8வது பிரிவைப் பாருங்கள். அமைச்சர் நம்பத்தகுந்தது என்று கருதும் எந்த இடத்திலிருந்து தகவல் வந்தாலும், வேறொரு நாட்டு அரசிடமிருந்து அதிகாரபூர்வமாக வந்தாலும், அதைக் கொண்டு ஒருவரை வேண்டாதவர் என்று அமைச்சர் தீர்மானிக்கலாம். நான் தடை செய்யப்பட்டவன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அந்தப் பயணியின் தலையில்தான். 59வது பிரிவு, ஆணை பிறப்பிக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டியதில்லை என்கிறது. 1997இல் சேர்க்கப்பட்ட 59ஏ பிரிவு, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதைத் தவிர வேறு எதையும் நீதிமன்றம் ஆராயக் கூடாது என்று கதவைச் சாத்துகிறது. இந்த நான்கையும் சேர்த்து வாசித்தால் என்ன கிடைக்கிறது? குற்றம் என்னவென்று தெரியாத ஒருவர், அதைக் கேட்கும் உரிமையில்லாத இடத்தில் நின்று, தாம் குற்றமற்றவர் என்று நிரூபிக்க வேண்டும். அதில் அவர் தோற்றுவிட்டால் நீதிபதியிடமும் போக முடியாது. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தனியாக எடுத்தால் நியாயப்படுத்திவிடலாம். நான்கும் ஒன்றாகச் சேரும்போதுதான் தவறைத் திருத்த ஒரு வழியும் இல்லாமல் போகிறது.

வைகோ மீதான சந்தேகம் எதைப் பற்றியது? அவர் பேச்சைப் பற்றியது. புலிகளுக்கான ஆதரவை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அதற்காக அவருடைய சொந்த நாடே அவரைச் சிறையில் தள்ளியது. 2002 ஜூனில் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக, நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும்போதே, பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளில் 2003 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் எண்ணம் இல்லாமல், ஓர் இயக்கத்துக்குத் தார்மீக ஆதரவு தெரிவிப்பது மட்டும் குற்றமாகாது. எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் பேசிய ஒரு பேச்சுக்காக 2019 ஜூலையில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் தேசத்துரோகப் பிரிவில் அவருக்கு ஓராண்டுத் தண்டனை விதித்தது. அதே மாதம் அவர் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆறாண்டு அங்கே அமர்ந்தார். புலிகளின் தலைவர்களையும் நிதி வழிகளையும் நெருக்கமாக அறிந்த நாடு இந்தியா; 1992இலிருந்து அந்த இயக்கத்தைத் தடை செய்து வைத்திருக்கும் நாடு. அந்த நாடு இவரிடம் கண்டது, தனக்குப் பிடிக்காத பேச்சை. அதற்கு மேல் நமக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தால் சுருக்கமாகவாவது சொல்லியிருக்கலாமே. ‘பட்டியலில் பெயர் இருக்கிறது’ என்பது ஒரு காரணமே அல்ல.

பேச்சும் ஆதரவும் மட்டுமே ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். உள்துறை அமைச்சு 2014 நவம்பரில் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. 2019 அக்டோபரில் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர் உட்பட 12 பேர் புலித் தொடர்பு என்று சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் கைதானார்கள். நான்கு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தார்கள். 2020 பிப்ரவரி 21 அன்று அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் 34 குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். குற்றத்தை நிரூபிக்க வாய்ப்பே இல்லை என்றார். மாவோவையும் சே குவேராவையும் போற்றுகிறவர்கள் பயங்கரவாதிகள் ஆகிவிடாததுபோலப் புலிகளின் தலைவர் பிரபாகரன் படம் வைத்திருப்பவரும் ஆகிவிட மாட்டார் என்று விளக்கினார். நம் நாட்டுச் சட்டத்துறையே வழக்காடு மன்றத்தில் நிற்காது என்று ஒதுக்கிய ஒரு காரணம், குடிநுழைவு முகப்பில் மட்டும் எப்படிச் செல்லுபடியாகும்? அங்கே அது செல்வதற்கு ஒரே காரணம், அங்கே யாரும் அதைச் சோதிப்பதில்லை என்பதுதான்.

தகவல் பிற நாட்டு அரசுகளிடமிருந்தும் வரலாம் என்பதால் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. இலங்கை அரசு 2014இல் புலிகள் உட்பட 16 தமிழர் அமைப்புகளையும் 424 தனிமனிதர்களையும் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. ஆட்சி மாறியதும் 2015இல் அவற்றில் எட்டு அமைப்புகளை விடுவித்தது. 2021இல் கோத்தபாய ராஜபக்ச ஆட்சி அவற்றில் பலவற்றை மறுபடியும் சேர்த்தது. பொருளாதாரம் சரிந்து, புலம்பெயர்ந்தவர்களின் பணம் தேவைப்பட்ட 2022 ஆகஸ்டில் ஆறு அமைப்புகளின் பெயர் மறுபடியும் நீக்கப்பட்டது. உலகத் தமிழர் பேரவையும் கனடியத் தமிழர் காங்கிரஸும் எட்டே ஆண்டில் இரண்டு முறை உள்ளே போய் இரண்டு முறை வெளியே வந்தன. அந்த எட்டு ஆண்டில் மாறியவர்கள் கொழும்பில் ஆண்டவர்கள். பிற நாட்டு அரசின் குற்றச்சாட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பது மலேசியா தானே எடுத்த நிலையும்கூட. இந்தியா ஒப்படைக்கக் கேட்ட மதபோதகர் ஜாகிர் நாயக்கை, அங்கே அவருக்கு நீதி கிடைக்குமா என்ற ஐயத்தைச் சொல்லி, 2019இல் பிரதமர் துன் மகாதீர் அனுப்ப மறுத்தார். அந்த ஐயம் நியாயமானது என்றால் அது எல்லாருக்கும் பொருந்த வேண்டும்.

காரணம் சொல்லாத அதிகாரம் பயங்கரவாதத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குப் பினாங்கே சாட்சி. 2015 மே 26 அன்று ஹாங்காங் மாணவர் தலைவர் ஜோசுவா வோங் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வந்திறங்கி, ஊருக்குள் காலடி வைக்காமலேயே திருப்பி அனுப்பப்பட்டார். தியானன்மென் நினைவாக நடக்கவிருந்த கூட்டத்தில் பேச வந்தவர். அவர் பேச்சு சீனாவுடனான உறவைக் கெடுத்துவிடும் என்பதுதான் அன்றைய போலீஸ் படைத் தலைவர் சொன்ன காரணம். அதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியுமா? ஆனால் சட்டத்தின் கண்ணில் வோங்கும் வைகோவும் வெடிகுண்டு வைக்க வருபவனும் ஒரே ‘வேண்டாதவர்’தான்.

அன்னியருக்கு உள்ளே வரும் உரிமையே கிடையாதே, பிறகு எதற்குக் காரணம் என்று தங்கள் அதிகாரிகள் கேட்கலாம். உரிமை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வைகோவை அழைத்தவர் ஒரு மலேசியர்; வோங்கின் பேச்சைக் கேட்கக் காத்திருந்தவர்களும் மலேசியர்கள். அவர்கள் யாரைச் சந்திக்கலாம், எதைக் கேட்கலாம் என்பதும் அந்த முகப்பில்தான் முடிவாகிறது. காரணத்தைச் சொன்னால் உளவுத் தகவல் தந்தவர் வெளிப்பட்டுவிடுவார் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். இதற்கு வழி கண்ட நாடுகள் இருக்கின்றன. அதே ஜாகிர் நாயக்கை 2010 ஜூனில் பிரிட்டன் தடுத்தபோது, அவருடைய எந்தெந்தப் பேச்சு காரணம் என்பதை உள்துறை அமைச்சர் எழுத்தில் சொன்னார். நாயக் நீதிமன்றம் போனார், மேல்முறையீடும் செய்தார், 2011இல் தோற்றார். அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பலருக்கும் பல கருத்து இருக்கலாம். ஆனால் காரணம் சொன்னதால் பிரிட்டனின் எல்லை பலவீனப்பட்டுவிடவில்லை. அதன் முடிவு நீதிமன்றத்தின் சோதனையைத் தாண்டி நின்றது. ஐ.நா. பாதுகாப்பு மன்றமே 2009இல் அல்காய்தா தடைப் பட்டியலுக்கு ஒரு குறைதீர்ப்பாளர் பதவியை உருவாக்கியது. பட்டியலில் உள்ளவர் அந்தக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். ரகசியத்தைக் காத்தபடியே அவர் ஆராய்ந்து பரிந்துரைப்பார். உலகத்தின் மிகக் கொடிய இயக்கங்களுள் ஒன்றுக்காக எழுதிய பட்டியலுக்கே இது முடியுமென்றால், நமக்கு ஏன் முடியாது?

தவறே நேர்ந்தாலும் என்ன, ஒரு விமானச்சீட்டுத்தானே நட்டம் என்பார் சிலர். வைகோவைப் போன்றவருக்கு அப்படித்தான். மறுநாளே செய்தியாளர்களைக் கூட்டிப் பேசினார். எல்லாருக்கும் அந்த வசதி இல்லை. 2014 மே மாதம் புலிகளுக்கு மறுபடியும் உயிர்கொடுக்க முயன்றார்கள் என்று சொல்லி மூன்று இலங்கைத் தமிழர்கள் இங்கே பிடிபட்டார்கள். மூவரும் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவானவர்கள். அந்த ஆணையம் எதிர்ப்புத் தெரிவித்தும், எந்த நாட்டுக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அந்த நாட்டின் கையிலேயே சில நாட்களில் ஒப்படைக்கப்பட்டார்கள். ‘பயங்கரவாதத் தொடர்பு’ என்ற முத்திரை விழுந்த பிறகு அதைக் கேள்வி கேட்க இடமில்லாததன் விலை, அவர்கள் விஷயத்தில் விமானச்சீட்டு அல்ல.

இதைச் சீர்செய்யத் தங்களுக்கு இது ஏற்ற நேரம். நுழைவாயில்களையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவரும் எல்லைக் கட்டுப்பாட்டு, பாதுகாப்பு முகமை 2025இல் செயல்படத் தொடங்கியிருக்கிறது. இந்தியர்களுக்கு விசா விலக்கு 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. விசா கேட்காத காலத்தில் பட்டியல் ஒன்றுதான் சல்லடை. அது பழுதில்லாமல் இருக்க வேண்டும். நாடாளுமன்றத்தால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் 59ஏ பிரிவைத் திருத்துவது. மரியா சின் அப்துல்லா வழக்கில் 2021 ஜனவரியில், குடிமக்களின் வெளிநாட்டுப் பயணத்தைத் தடுக்கக் குடிநுழைவுத் தலைமை இயக்குநருக்கு வரம்பற்ற அதிகாரம் இல்லை என்றது கூட்டரசு நீதிமன்றம். ஆனாலும் 59ஏ செல்லும் என்றே பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதைத் திருத்த ஒரு மசோதா தாருங்கள். மற்றவற்றுக்குத் தங்கள் கையெழுத்தே போதும்: பயங்கரவாதச் சந்தேகத்தில் தடுக்கப்படுபவருக்குச் சுருக்கமான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பட்டியலில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் காலக்கெடு வேண்டும், கெடு முடியும்போது, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் அமைச்சுக்கு வெளியே உள்ள ஒரு குழு அதை மறுபடி பார்க்க வேண்டும். அந்தக் குழுவின் முதல் வேலையாக, புலித் தொடர்பு என்ற ஒரே காரணத்துக்காக 2020 பிப்ரவரி 21க்கு முன் சேர்க்கப்பட்ட பெயர்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டத்துறைத் தலைவர் அன்று வைத்த அளவுகோலைக் கொண்டு அவற்றை அளந்து, நிற்காதவற்றை நீக்கி, நீக்கிய செய்தியை உரியவர்களுக்குக் கடிதத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு குடிமகன்