கூட்டி எழுதினால் குறைவது யாருக்கு?

ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு, தோழர்களே! 'ஓவர் எஸ்டிமேட்' என்பார்கள். உள்ளதை உள்ளதற்கு மேலாக மதிப்பிடுவது என்று பொருள். ஆயிரம் பேர் கூடிய கூட்டத்தைப் பல்லாயிரம் என்று மேடையிலே நம்மவர் முழங்குகிறாரே, அதுதான்! அதனால் எவர் வீட்டு அடுப்பும் அணைவதில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். அதே சொல் புகழுரையிலும் வரும். ஒருவருடைய தொண்டை 'ஓவர் எஸ்டிமேட் செய்ய முடியாது' என்றால், எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் தகும் என்பது கருத்து.

கரிசல் காட்டிலே அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே அது பசி!

மணியாச்சி என்றதும், 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட ரயில் சந்திப்புதான் பலருக்கு நினைவு வரும். நாம் பேசுவது அந்தச் சந்திப்பைச் சுற்றி, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கோவில்பட்டி வரை விரிந்து கிடக்கும் மானாவாரி நிலத்தைப் பற்றி. புரட்டாசியிலே விதைப்பு, உளுந்து, பாசி, சோளம், பருத்தி. வானம் பொய்த்தால் வயிறு காயும். 2023 டிசம்பரைப் போல வானம் பிளந்து கொட்டினாலும் காயும்!

2016இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலே உளுந்துக்கு 100க்கு ஒன்றரையும், பருத்திக்கு 5உம் உழவன் கட்டுகிறான். விளைச்சல் இழப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒவ்வொருவர் காட்டையும் பார்த்தா? இல்லை! பிர்க்காவில் சில வயல்களைத் தேர்ந்து, சிறு சதுரம் அளந்து, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். அந்த எடைதான் அத்தனை பேருக்கும் விளைச்சல். முந்தைய ஆண்டுகளின் சராசரியிலிருந்து வகுத்த வரம்புக்குக் கீழே அது இறங்கினால்தான் பணம்.

வரம்பு ஏக்கருக்கு 200 கிலோ உளுந்து என்று வைத்துக்கொள்வோம். 120 கிலோ என்று எழுதினால், காப்பீட்டுத் தொகையில் 100க்கு 40 கிடைக்கும். அதையே 200 என்று எழுதினால்? சுழி! தாளிலே ஏறியது 80 கிலோ. களத்திலே ஒரு மணியும் ஏறவில்லை. பொய்க்கணக்கு எழுதத்தான் வேண்டுமென்பதில்லை. கண்மாய் ஓரத்துப் பள்ளக்காடு தேர்வாகிவிட்டால் போதும், கருகிய மேட்டுக்காடெல்லாம் விளைந்ததாகிவிடும்!

அறுவடைச் சோதனையைப் பார்க்கக் காப்பீட்டுக் கம்பெனியின் ஆளுக்கு விதி இடம் தருகிறது. காட்டுக்காரனுக்கு மட்டும் ஏன் கூச்சம்? சோதனை நாளை ஊருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எடையை அன்றே கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். மணியாச்சிப் பிர்க்காவிலே நம் கிளைத் தோழர்கள், ஊருக்கு நால்வர், தராசு முள் நிற்கும்வரை வயலிலே நிற்கட்டும். கண்ட எடையைக் குறித்துக்கொண்டு வரட்டும்.