காட்டின் கதவு ஒன்பது மணிக்கு மூடும்

பெங்களூரில் இருந்து ஊட்டிக்குக் காரில் கிளம்புகிறவர்கள் வரைபடத்தை விரிக்கும் முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது.

கூடலூர் தாண்டி முதுமலைக் காடு தொடங்கும் இடத்தில் ஒரு சோதனைச் சாவடி. ஞாயிறு இரவு ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அங்கே வந்து சேரும் ஒரு பெங்களூர்க் காரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பின் சீட்டில் தூங்கும் குழந்தைகள். மடியில் ஊட்டி வர்க்கிப் பொட்டலம். மறுநாள் காலை ஆபீஸ். குறுக்கே இறங்கிவிட்ட தடுப்புக் கம்பம். கெஞ்சிப் பார்க்கலாம், கோபப்படலாம், பெரிய மனிதர்கள் பெயரைச் சொல்லலாம். கம்பம் இனி காலை ஆறு மணிக்குத்தான் உயரும்.

வேறு வழி? சத்தியமங்கலம் - திம்பம் வழியாகக் கர்நாடகத்துக்குள் நுழைந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த மலைப்பாதையும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியில் இருந்து இரவில் மூடப்படுகிறது. மிச்சம் இருப்பது மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று சுற்றுவது. வீட்டுக்குள் நுழையும்போது விடிந்திருக்கும்.

இந்தத் தவறு அன்று மாலை நடந்ததல்ல. திட்டம் போட்ட நாளிலேயே நடந்துவிட்டது. பெங்களூர்க்காரர்களின் பிரியமான கார் பயணம் இதுதான்: மைசூர், பந்திப்பூர், முதுமலை, ஊட்டி. எந்த வழியாக மலை ஏறினாலும் முந்நூறு கிலோமீட்டருக்குள். சமவெளி, ஆறு, காடு, மலை என்று நான்கும் ஒரே பகலில் கண்ணில் படும் சாலைகள் நாட்டில் அதிகம் இல்லை. ஆனால் இந்தச் சாலைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்க விடாது. நிற்கக் கூடாத இடத்தில் நிற்கச் சொல்லி ஆசை காட்டும்.

முதல் பாதி சமீபத்தில் வந்த மாற்றம். 118 கிலோமீட்டர் நீள பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலையைப் பிரதமர் மோடி 2023 மார்ச் 12 அன்று மண்டியாவில் திறந்துவைத்தார். மூன்று மணி நேரப் பயணம் ஒன்றேகால் மணி நேரமாகச் சுருங்கும் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் பிரதான பாதையில் தடை செய்யப்பட்டன. காருக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. மீறினால் கேமரா பிடித்துக்கொள்ளும்.

வேகம் கிடைத்தது. வழியில் இருந்த ஊர்கள் காணாமல் போயின. பிடதி, ராமநகரம், சன்னப்பட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் எல்லாவற்றையும் சாலை ஒதுங்கிக் கடந்துவிடுகிறது. முன்பு பிடதியில் டிராபிக் நின்றால் தட்டு இட்லி சாப்பிட்டார்கள். சன்னப்பட்டணாவில் வண்டி ஊர்ந்தால் குழந்தை ஜன்னல் வழியாக பொம்மையைக் காட்டி அழும், இறங்கி வாங்குவார்கள். நெரிசல்தான் அந்தக் கடைகளுக்கு வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது. புதிய சாலை வந்த பிறகு வியாபாரம் விழுந்துவிட்டது என்று ஹோட்டல்காரர்களும் பொம்மைக் கடைக்காரர்களும் புலம்புகிறார்கள்.

ஆகவே நிற்கும் இடத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டும். விரைவுச் சாலையில் இருந்து வெளியேறும் வழியை ஒருமுறை தவறவிட்டால் பல கிலோமீட்டர் போய்த்தான் திரும்ப முடியும். எல்லா ஊரிலும் இறங்குவேன் என்றால் ஊட்டி போய்ச் சேர முடியாது. இரண்டு அல்லது மூன்று போதும்.

சன்னப்பட்டணாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கடையில் அடுக்கியிருக்கும் பொம்மைகளைவிட, கடைசல் எந்திரத்தில் மரத்துண்டு சுழலும்போது அரக்கு உருகி நிறம் ஏறுவதைப் பார்ப்பது சுவாரசியம். வழக்கமாகப் பயன்படும் மரம் வெட்பாலை. இந்தக் கைத்தொழிலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ராமநகரத்துப் பாறைகளை 'ஷோலே' (1975) பார்த்தவர்கள் காரில் இருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

மத்தூர் வடை சாப்பிட மத்தூருக்குள் போக வேண்டும். நம் ஊர் மெதுவடையை நினைத்துக்கொண்டு கடித்தால் ஏமாற்றம். இது அரிசி மாவும் ரவையும் மைதாவும் வெங்காயமும் சேர்ந்த தட்டையான பண்டம். இரண்டு நாள் பையில் கிடந்தாலும் கெடாது. ரயில் பயணிகளுக்காகப் பிறந்த பலகாரம், கார் பயணத்துக்கும் பொருந்துகிறது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரை நாள் இருந்தாலும் தகும். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவு. உள்ளே பள்ளிகொண்ட ரங்கநாதர். சற்றுத் தள்ளி, 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் போரிட்டு மாண்ட கோட்டை. சில கிலோமீட்டரில் ரங்கனதிட்டு. பறவை ஆய்வாளர் சலீம் அலியின் யோசனைப்படி 1940இல் சரணாலயமான இந்த ஆற்றுத் திட்டுகள் 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. படகில் போனால் நாரைகளும் கூழைக்கடாக்களும், பாறை மேல் வாய் பிளந்து வெயில் காயும் முதலைகளும் தெரியும்.

மைசூரில் இரவு தங்குவது புத்திசாலித்தனம். மறுநாள் காலை நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில், பிறகு குண்டல்பேட்டை. ஜூலை, ஆகஸ்டில் போனால் சாலையின் இரு பக்கமும் சூரியகாந்தி. இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வயநாட்டுக்கு, மற்றது பந்திப்பூர் வழியாக ஊட்டிக்கு. இரண்டுமே புலிக்காட்டுக்குள்தான் நுழைகின்றன.

இங்கிருந்து பாடம் தலைகீழ். பந்திப்பூர் 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் ஒன்று. எல்லை தாண்டினால் முதுமலை. நாகரஹொளே, வயநாடு ஆகியவற்றையும் சேர்த்தால், உலகில் ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் நிலப்பரப்பு இதுதான். இந்தச் சாலையில் காரை நிறுத்துவது, இறங்குவது, ஹாரன் அடிப்பது, குரங்குக்கு பிஸ்கட் போடுவது எல்லாமே குற்றம். ஆனால் மானைக் கண்டதும் பிரேக் மிதிக்காத கால் அரிது. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் யானையைப் படமெடுக்கப் போய், அதன் காலடியில் விழுந்து உயிர் தப்பிய ஒருவருக்கு வனத்துறை 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. யானையை அருகில் பார்த்தே தீர வேண்டும் என்றால் வனத்துறையின் சஃபாரி வண்டி இருக்கிறது, தெப்பக்காடு யானைகள் முகாம் இருக்கிறது.

இரவில் ஏன் தடை? பகலில் வண்டிச் சத்தத்துக்கு ஒதுங்கும் விலங்குகள் இருட்டிய பிறகுதான் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் சாலையைக் கடக்கின்றன. ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசி மான் அப்படியே நின்றுவிடுகிறது. பகல் வெயிலில் சூடேறிய தாரின் மேல் பாம்புகள் வந்து படுக்கின்றன. அடிபட்டுச் செத்தவை பெருகிய பிறகு, 2009 ஜூனில் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்தது. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களில் தடை விலக்கப்பட்டது. விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2010 மார்ச்சில் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. கேரளம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2019இல் சாலையைப் பகலிலும் மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தபோது, சுல்தான் பத்தேரியில் இளைஞர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆம்புலன்சுக்கும் குறிப்பிட்ட சில அரசு பஸ்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் காய்கறி லாரிக்கு இல்லை. திம்பத்துக்கு மேலே தாளவாடி விவசாயிகளும் இதையே சொல்லித்தான் 2022இல் போராடினார்கள். சுற்றுலா வருகிறவருக்கு நஷ்டமாவது ஒரு இரவு. காட்டோரம் வாழ்கிறவருக்கு ஒவ்வொரு இரவும் ஒன்பது மணியோடு முடிகிறது. அப்படி அவர்கள் விட்டுக்கொடுத்துக் காப்பாற்றும் விலங்கை, பகலில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கார் ஒன்று அடித்துப் போட்டால் அதை என்னவென்று சொல்வது?

ஆகவே திட்டத்தைக் கடைசியில் இருந்து தொடங்க வேண்டும். திரும்பும் நாளில் காட்டுக்குள் நுழைய வேண்டிய நேரம் மாலை ஏழு, ஏழரை என்று வைத்துக்கொண்டால், ஊட்டியை விட்டு நான்கு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாக தெப்பக்காடு எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மலைப்பாதையில் ஒரு பஸ் பழுதாகி நின்றால் கணக்கெல்லாம் பொய்யாகும். மசினகுடி - கல்லட்டி பாதை குறுக்கு வழிதான். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலையில் வெளியூர்க் கார்கள் ஏறலாம், இறங்க அனுமதி இல்லை. 2018இல் அங்கே பள்ளத்தில் விழுந்த ஒரு சென்னைக் கார் கண்டுபிடிக்கப்பட இரண்டு நாட்கள் ஆயின.

இன்னொரு கதவும் உண்டு. நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்றம் இ-பாஸ் முறையைக் கொண்டுவந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று எண்ணிக்கையும் வரையறுக்கப்பட்டது. விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன. ஹோட்டல் அறையைப் பதிவு செய்யும் முன் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மாவட்டத்தில் தடை. வீட்டில் இருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போகலாம்.

இவ்வளவு கட்டுப்பாடா என்று சலித்துக்கொள்கிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். நாலு மணிக்குக் கிளம்பிய கார், சூரியன் சாயும் வேளையில் காட்டைக் கடக்கிறது. முப்பது கிலோமீட்டர் வேகம். கண்ணாடி பாதி இறங்கியிருக்கிறது. மூங்கில் புதருக்குள் ஏதோ கிளை முறியும் சத்தம். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கவில்லை.