தாயக்கட்டையா, டேப்லெட்டா? குமரியின் நாளைய ஆசிரியர்கள் எதைக் கையில் எடுக்க வேண்டும்?

ஒன்பதாம் வகுப்பு. கணிதப் பாடவேளை. எதிரே 40 பிள்ளைகள். கையில் இருப்பது ஒரு செல்போன், ஒரு சாக்பீஸ், நாற்பது நிமிடம். கடைசி பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பி.எட். படிக்கிற எவருக்கும் கற்பித்தல் பயிற்சியின் முதல் நாள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

'விளையாட்டு வழிக் கற்றல்', 'தொழில்நுட்பம் சார்ந்த கற்பித்தல்' எல்லாம் கல்லூரியில் படித்தாச்சு. யூடியூபில் வீடியோவும் பார்த்தாச்சு. வகுப்புக்குள் கால் வைத்ததும் எழுகிற கேள்வி வேறு: இதுல எதை எடுக்கிறது, எதை விடுறது?

சின்ன கேள்வி மாதிரி தெரியலாம். ஆனால் ஸ்மார்ட் போர்டு, டேப்லெட், ஆப் என்று அரசும் தனியார் பள்ளிகளும் கொட்டுகிற பணம் பலன் தருமா என்பது இந்தக் கேள்விக்கு வருகிற பதிலில்தான் இருக்கிறது.

யார் இந்த நாளைய ஆசிரியர்கள்?

இரண்டு பாதைகள் உண்டு. தொடக்கப் பள்ளிக்கு டி.எல்.எட். என்ற இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு. அதற்கு மேல் வகுப்பெடுக்க பி.எட். தொடக்கப் பள்ளி ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட்டில் சொன்னபிறகு இந்தக் கோடு இன்னும் அழுத்தமாகிவிட்டது.

குமரி மாவட்டத்தில் தேரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஆற்றூர் என்.வி.கே.எஸ்.டி. போன்ற கல்வியியல் கல்லூரிகளும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91 சதவீதத்துக்கு மேல் எழுத்தறிவு பெற்று மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. ஆசிரியர் வேலைக்குப் படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அதனால் போட்டியும் அதிகம்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள்தான் பி.எட். படிப்பை இரண்டாண்டு ஆக்கின. பள்ளியில் களப் பயிற்சி முதல் ஆண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம் என்று அவை வகுத்தன. தகவல் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வதற்குத் தனிப் பாடமும் வைத்தன. ஆக, காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அந்த 20 வாரத்தில் ஒரு பயிற்சி ஆசிரியர் எதை முயன்று பார்க்கிறார், எதில் தோற்றுக் கற்றுக்கொள்கிறார் என்பதுதான் விஷயம்.

பள்ளியில் என்னென்ன காத்திருக்கிறது?

- 2018 முதல் புதிய பாடப் புத்தகங்களில் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் தீக்ஷா தளத்தில் பாடத்துக்கான வீடியோ. கணிதப் புத்தகங்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியில் ஜியோஜீப்ரா பயிற்சிகள்.
- 2019-ல் கல்வித் தொலைக்காட்சி.
- 2022-ல் 'எண்ணும் எழுத்தும்'. முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்து 4, 5-ம் வகுப்புகளுக்கும் வந்தது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் என வகுப்பறையிலேயே தனித்தனிக் களங்கள். பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கப்படுகிறார்கள்.
- 2023-ல் மணற்கேணி செயலி.
- 2024-ல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80,000 டேப்லெட்டுகள், கூடவே ஸ்மார்ட் வகுப்பறைகள்.

அதாவது, 'எங்க ஸ்கூல்ல ஒண்ணுமே இல்ல' என்று சொல்லும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. அதற்காக எல்லா இடமும் ஒன்று என்று ஆகிவிடாது. நாகர்கோவில் நகரத்துப் பள்ளியும் பேச்சிப்பாறைக்கு மேலே காணி குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் நெட்வொர்க் விஷயத்தில் ஒன்றல்ல. பயிற்சி ஆசிரியருக்கு எந்தப் பள்ளி கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

கருவி வந்தால் படிப்பு வந்துவிடுமா?

வராது என்பதற்கு உலகம் முழுக்க உதாரணம் உண்டு. பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. அவற்றைக் கற்பித்தலோடு இணைக்காததால் கற்றல் மேம்படவில்லை என்று யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை சொன்னது. பள்ளிக் கணினிகளுக்கு அள்ளிச் செலவிட்ட நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் மதிப்பெண்கள் குறிப்பிடும்படி உயரவில்லை என்று ஓ.இ.சி.டி. அமைப்பும் 2015-லேயே சொல்லிவிட்டது.

அப்போ தொழில்நுட்பமே வேண்டாமா? அதுவும் சரியில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கனிமியான் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. மாலை நேர மையங்களில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்த மாணவர்கள், கிடைக்காதவர்களைவிட நாலரை மாதத்திலேயே கணிதத்திலும் இந்தியிலும் தெளிவாக முன்னே போனார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒப்பீட்டளவில் லாபம் இன்னும் அதிகம்.

என்ன காரணம்? அந்த மென்பொருள் 6-ம் வகுப்புப் பிள்ளைக்கு 6-ம் வகுப்புப் பாடத்தைத் திணிக்கவில்லை. அந்தப் பிள்ளை உண்மையில் எந்த வகுப்பு நிலையில் நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கியது. கூடவே பாதி நேரம் சிறு குழுவாக ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பெருவில் கொடுத்ததும் கணினிதான், டெல்லியில் இருந்ததும் கணினிதான். ஒன்றில் கருவி மட்டும் போனது, இன்னொன்றில் கற்பித்தலும் சேர்ந்து போனது.

விளையாட்டு என்றால் வினாடி வினா மட்டுமா?

பயிற்சி ஆசிரியர்கள் பலரும் முதலில் கையில் எடுப்பது கஹூட் மாதிரியான வினாடி வினா ஆப்கள்தான். பாட்டு ஓடும், புள்ளி ஏறும், வகுப்பே கத்தும். பார்க்க ஜோர்.

ஆனால் வழக்கமான அமைப்பில், வேகமாகச் சரியான விடை தருபவருக்கே அதிகப் புள்ளி. மூன்றாவது கேள்வியிலேயே முன்னணிப் பட்டியலில் அதே ஐந்து பேர்தான் நிற்பார்கள். யோசித்துப் பதில் சொல்கிற பிள்ளை 'நமக்கு இது வராது' என்று ஒதுங்கிவிடும். நேர வரம்பை நீட்டலாம், புள்ளி இல்லாமலும் கேள்வி வைக்கலாம். அதைச் செய்ய வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் பயிற்சி தேவை.

இன்னொரு சிக்கல், அரசுப் பள்ளியில் பிள்ளைக்கு ஒரு போன் எங்கே இருக்கிறது? இங்கேதான் பிளிக்கர்ஸ் போன்ற கருவி உதவும். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை மட்டும் இருக்கும். அதை நான்கு திசையில் திருப்பிப் பிடித்தால் நான்கு விடைகள். ஆசிரியர் தன் ஒரே போனை வகுப்பை நோக்கிக் காட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொருவர் அட்டையும் வேறு மாதிரி என்பதால் பக்கத்தில் பார்த்து எழுதவும் முடியாது.

இதில் முக்கியமானது போன் அல்ல. 40 பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள், யாருக்குப் புரியவில்லை என்று அடுத்த நொடியே தெரிகிறது. அதுதான் லாபம். நெட் இல்லையா? நான்கு வண்ண அட்டைகளைத் தூக்கிக் காட்டச் சொன்னாலும் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

தாயம் விழ எத்தனை வாய்ப்பு?

நம்ம ஊர் விளையாட்டுகளைப் 'பண்பாடு' என்று பொங்கல் விழாவோடு ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அவை பாடமாகவே ஆகக்கூடியவை.

தாயக்கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: 0, 1, 2, 3. இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 சேர்க்கைகள்.

- தாயம், அதாவது கூட்டினால் 1: இரண்டு வழிகள். வாய்ப்பு 16-ல் 2, அதாவது எட்டில் ஒன்று.
- மூன்று: நான்கு வழிகள். நாலில் ஒன்று.
- பன்னிரண்டு, இரண்டிலும் பூஜ்ஜியம்: ஒரே வழி. பதினாறில் ஒன்று.

தாயம் விழாமல் காய் இறங்காது என்று பாட்டி சொன்ன விதி ஏன் இவ்வளவு கடுப்பேற்றுகிறது என்பது இப்போது விளங்கும். 40 பேரை இரண்டிரண்டாகப் பிரித்து ஆளுக்கு 8 முறை உருட்டச் சொன்னால் மொத்தம் 320 உருட்டல். கணக்குப்படி தாயம் 40 முறையும் மூன்று 80 முறையும் விழ வேண்டும். விழுந்ததா? இல்லையென்றால் ஏன்? கட்டை ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா? உருட்டியது போதாதா? இதுதான் நிகழ்தகவுப் பாடம்.

இந்த இடத்தில் போனை எடுக்கலாம். 20 குழுக்களின் எண்களை ஒரு விரிதாளில் போட்டால் வரைபடம் உடனே வரும். முதல் குழுவின் முடிவு தாறுமாறாக இருக்கும். குழுக்கள் சேரச் சேர எண்கள் பெரும்பாலும் கணக்கை நெருங்கிவரும். அதைச் சாக்பீஸால் காட்ட நேரம் போதாது, போனால் முடியும்.

தொடக்கப் பள்ளிக்கு பல்லாங்குழி இருக்கிறது. 14 குழி, குழிக்கு 5 சோழி என்றால் மொத்தம் எத்தனை? கையில் இருப்பதைப் போட்டால் கடைசிச் சோழி எந்தக் குழியில் விழும்? எண்ணாமல் முன்கூட்டியே சொல்லக் கற்றுக்கொள்ளும் பிள்ளை பெருக்கலையும் மீதியையும் கையால் தொட்டுவிட்டது என்று அர்த்தம்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

எல்லை தாண்டினால் கேரளம். அங்கே 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் இன்று 'கைட்' என்ற அரசு நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. பள்ளிக் கணினிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். தொடக்க வகுப்புகளுக்கான கணினிப் பாடநூலின் பெயரே 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி. 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களும் உண்டு.

அங்கே கவனிக்க வேண்டியது கணினியின் எண்ணிக்கை மட்டுமல்ல. மென்பொருள், பாடநூல், ஆசிரியர் பயிற்சி மூன்றும் ஒரே அமைப்பின் கையில் இருக்கின்றன. கருவி ஒரு வருஷம், பயிற்சி இன்னொரு வருஷம் என்று தனித்தனியாக வந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது ஆசிரியர்தான்.

பிள்ளைகளின் விவரம் யாருக்குப் போகிறது?

கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும் என்கிறது 2024 அசர் அறிக்கை. முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். 'வீட்டுப்பாடம் போன்ல அனுப்புறேன்' என்று சொல்லும் முன் இதை யோசிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பயன்படுத்த பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனாலும் இலவச ஆப் ஒன்றில் பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, போட்டோ எல்லாவற்றையும் கொட்டுவது நல்ல பழக்கமல்ல. வரிசை எண்ணோ புனைபெயரோ போதும்.

வகுப்புக்குப் போகும் முன் நான்கு கேள்விகள்

1. இதைப் பயன்படுத்தும்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கும்? 'பார்த்துக்கொண்டிருக்கும்' என்பதுதான் பதில் என்றால் மறுபடி யோசிக்கணும்.
2. எத்தனை பேர் விளையாடுகிறார்கள், எத்தனை பேர் வேடிக்கை பார்க்கிறார்கள்?
3. பாடவேளை முடிந்ததும் யாருக்குப் புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியுமா?
4. கரண்ட் போனால், நெட் போனால் மாற்று என்ன?

அடுத்து என்ன மாற வேண்டும்?

பயிற்சி ஆசிரியர் மதிப்பெண் வாங்குவது பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டு, சார்ட், மாடல் ஆகியவற்றுக்காக. சொதப்பிய வகுப்புக்கு மதிப்பெண் கிடையாது. அதனால் புதிதாக ஒன்றை முயன்று பார்க்கிற துணிச்சலும் வருவதில்லை. 'இந்த விளையாட்டை வைத்தேன், பாதி வகுப்புக்குப் புரியவில்லை, மறுநாள் இப்படி மாற்றினேன்' என்று எழுதுகிறவருக்கு மதிப்பெண் தருவதற்குப் பட்ஜெட் ஒதுக்கீடு தேவையில்லை. வழிகாட்டி ஆசிரியர் மனசு வைத்தால் போதும்.

பயிற்சி நிறுவனம் இருக்கிற அதே தேரூரில்தான் 1876-ல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்தார். 36 ஆண்டுகள் ஆசிரியர் பணி. ஆசிரியர்களுக்கே பாடம் சொன்னவர். நாய், பசு, கிளி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்ததை எடுத்து, அவர்கள் வாயில் நிற்கிற பாட்டாக்கினார். அன்றைக்கு அவர் கையில் இருந்த கருவி சந்தம். இன்றைக்குத் தேரூரிலும் ஆற்றூரிலும் படிக்கிறவர்கள் கையில் போனும் இருக்கிறது, தாயக்கட்டையும் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எது உதவும் என்று பார்க்கிற வேலை மட்டும் அன்றும் இன்றும் ஆசிரியருடையதுதான்.