தொப்பி தொங்கும் பார்... தூக்குவாளியில் டீ!

காலை ஐந்தரை மணிக்கெல்லாம் மயிலாடும்பாறை டீக்கடை பெஞ்ச் நிரம்பிவிடும். தினசரியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு, இலவம்பஞ்சு என்ன விலை போகிறது, மலையில் மழை உண்டா, மூல வைகையில் தண்ணீர் வருமா என்று எல்லா விவகாரமும் அங்கேதான் அலசப்படும். ஒரு டீக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்த பெஞ்ச்தான் பப். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. நம் ஊர் டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு அதை யோசித்தால் தப்பாகிவிடும். பாட்டிலை வாங்கி, சுவரோரம் நின்று மடமடவென்று ஊற்றிக்கொண்டு ஓடுகிற இடமில்லை. ஒரு கிளாஸ் பீரை முன்னால் வைத்துக்கொண்டு, கால்பந்தையும் மழையையும் பற்றிப் பொழுது போகப் பேசுகிற இடம். நண்பர்களாகப் போனால் 'ரவுண்டு' முறை உண்டு. இந்தத் தடவை ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால், அடுத்த தடவை இன்னொருவர். தன் முறை வரும்போது நைசாக நழுவுகிறவருக்கு அங்கேயும் மரியாதை கிடையாது!

அபர்தீன், கருங்கல்லால் கட்டிய பழைய நகரம். அதன் யூனியன் தெருவில் 1870-லிருந்து இருக்கிறது 'தி கிரில்' என்ற பப். நீண்ட மர கவுன்ட்டர், அதற்குப் பின்னால் நூற்றுக்கணக்கான விஸ்கி பாட்டில்கள். பார்க்கப் போகிற பயணிகள் இவற்றைத்தான் படம் எடுப்பார்கள். ஆனால், அந்தப் பப்பின் பெரிய கதை அதன் கதவில் இருக்கிறது. 'பப்ளிக்' என்று பெயர் வைத்தார்களே தவிர, பெண்களுக்கு அங்கே கிளாஸ் நீட்ட மாட்டார்கள். 1973-ல் ஸ்காட்லாந்து தொழிற்சங்கங்களின் மாநாடு அபர்தீனில் நடந்தபோது, அதற்கு வந்திருந்த பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்துவிட்டார்கள். அப்போதும் கொடுக்கவில்லை. 1975-ல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. பெண்களுக்கென்று கழிப்பறை கட்டியது எப்போது தெரியுமா? 1998-ல்! 'வாங்க' என்று சொல்லிவிட்டு 23 வருடம் அந்த ஒரு வசதியைச் செய்யவில்லை.

இந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் தேனி மாவட்டத்துக்கு அந்நியர்களும் இல்லை. மயிலாடும்பாறையில் பஸ் ஏறி, கண்டமனூர், தேனி, போடி வழியாக மலை ஏறினால் மூணாறு. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஸ்காட்லாந்துக்காரர், பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. அதன் பின்னால் நின்றது கிளாஸ்கோவின் ஃபின்லே நிறுவனம். டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே கம்பியில் தேயிலைப் பெட்டிகள் கோட்டக்குடிக்கு இறங்கும். அங்கிருந்து போடி, பிறகு தூத்துக்குடி, கடைசியில் கப்பல். நம் ஆட்கள் மலை ஏறினார்கள், தேயிலை மலை இறங்கியது.

குளிரும் மழையும் சொந்த ஊரை நினைவுபடுத்தியிருக்க வேண்டும். துரைமார்கள் அங்கே ஹை ரேஞ்ச் கிளப்பைக் கட்டிக்கொண்டார்கள். அதில் 'ஆண்கள் பார்' என்றே ஓர் அறை. சுவரில் வேட்டையாடிய விலங்குகளின் தலைகள். கூடவே வரிசையாகத் தொப்பிகள். அந்த மலையில் 30 வருடம் தாக்குப்பிடித்த துரையின் தொப்பி அந்தச் சுவரில் ஏறும். ஊரில் பப் என்றால் காசு வைத்திருக்கிற கூலிக்காரரும் நுழையலாம். இங்கே அவர்கள் கட்டியதோ உறுப்பினர்களுக்கான கிளப். பப்பைக் கொண்டுவந்தவர்கள் 'பப்ளிக்'கை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள் போல. அதே 30 வருடம் முதுகில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளிய அம்மாக்களின் முக்காட்டுத் துணிக்கு அந்தச் சுவரில் ஆணி கிடையாது.

அவர்கள் உட்கார்ந்தது வேறு இடத்தில். 2015 செப்டம்பரில் மூணாறு ரோட்டில் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளிப் பெண்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர். 20 சதவிகித போனஸ் கேட்டார்கள். பஞ்சாயத்துப் பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. அபர்தீனில் கதவு திறக்க ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. இவர்கள் ரோட்டை மறித்தே கேட்டதை வாங்கிக்கொண்டு எழுந்தார்கள்.

மயிலாடும்பாறை டீக்கடையில் யாரும் யாரையும் வரக்கூடாது என்று சொல்வதில்லை. போர்டும் இல்லை, சட்டமும் இல்லை. பஞ்சு பிரிக்கப் போகிற பெண்கள் வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, தூக்குவாளியை நீட்டுவார்கள்.

"அண்ணே, ஆறு டீ ஊத்துங்க."

"ஏத்தா, உக்காந்து குடிச்சிட்டுப் போறது?"

பெஞ்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். "எங்கிட்டு உக்கார?"