தங்கவயல் மழையும் வயலூர் அலையும்

கோலார் தங்கவயலில் பெய்யும் மழைக்கும் வங்கக் கடலின் அலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். இரண்டையும் இணைப்பது பாலாறு. நந்தி மலைப் பகுதியில் பிறந்து, தங்கவயலுக்குக் குடிநீர் வழங்கிய பேத்தமங்கலா ஏரியை நிரப்பி, ஆந்திரம் வழியாகத் தமிழகத்தில் நுழையும் இந்த ஆறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலக்கிறது.

ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், பாலாற்றின் வெள்ளத்தை அரசுகள் எளிதில் மறந்துவிடுகின்றன. 1903-ல் மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து பெருகிய வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பர் 19-ம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது அண்டை மாநிலங்களின் நீரும் சேர, வாலாஜாபேட்டை அருகே பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் பாய்ந்தது. அன்று வந்தது கடும்புயலாக இருந்திருந்தால், முகத்துவாரக் கிராமங்களின் நிலை என்னவாகியிருக்கும்?

புயல் காற்று கடல் மட்டத்தை உயர்த்தும். அலைகள் மேலும் நீரைக் கரையில் குவிக்கும். அந்நேரத்தில் ஆற்று வெள்ளமும் உள்ளூர் மழைநீரும் வடிய வழியின்றித் தேங்கும். தனித்தனியே சமாளிக்கக் கூடிய இவை, ஒரே நேரத்தில் வந்தால் பேரழிவாகும். எனவே, இவற்றை ஒரே கணினி மாதிரியில் இணைத்துக் கணிப்பதே சரியான எச்சரிக்கைக்கு வழி.

ஆனால், மழையை இந்திய வானிலைத் துறையும், அலையையும் கடல்நீர் ஏற்றத்தையும் ஹைதராபாதில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் கணிக்கின்றன. இரண்டும் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தவை. ஆற்று வெள்ளத்தைக் கணிக்கும் மத்திய நீர் ஆணையமோ ஜல சக்தி அமைச்சகத்தின் கீழ் உள்ளது. ஏரிகளும் தடுப்பணைகளும் மூன்று மாநில அரசுகளின் பொறுப்பில் இருக்கின்றன.

2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு, சென்னைக்காக மழை, ஏரி நீர்த்திறப்பு, கடல் மட்டம் ஆகியவற்றை இணைத்துக் கணிக்கும் எச்சரிக்கை அமைப்பை தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. பெருநகருக்குச் சாத்தியமானது, மூன்று மாநிலங்களில் பாயும் ஆற்றுக்கும் சாத்தியமே. அதற்கு மழையளவு, ஏரிகளின் நீர்மட்டம், நீர்த்திறப்பு ஆகிய விவரங்கள் பேத்தமங்கலாவிலிருந்து வயலூர் வரை உடனுக்குடன் பகிரப்பட வேண்டும். இதை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும்.

பாலாற்று நீரைப் பங்கிடுவதில் 1892 ஒப்பந்த காலம் தொட்டே பிணக்கு உண்டு. வெள்ளத் தகவலைப் பங்கிடுவதில் எந்த மாநிலத்துக்கும் இழப்பில்லை.