பச்சை வானமும் மாநகராட்சித் தரையும்

"அண்ணே, மேப்புல பாருங்க, இது கிரீன் ஸோன். யாரும் தடுக்க முடியாது." பூங்கா வாசலில் நிற்கும் காவலாளியிடம் கைப்பேசியை நீட்டி இப்படி வாதாடுகிறவர்கள் நம் ட்ரோன் தொழிலில் பலர் இருக்கிறார்கள். காவலாளிக்கு விதி எண் எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் அந்த வாதத்தில் நியாயம் அவர் பக்கமே கூடுதலாக இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரைதான். இந்த நிறங்கள் சொல்வதெல்லாம் வான்வெளியைப் பற்றி மட்டுமே. ட்ரோன் எந்தத் தரையிலிருந்து எழும்புகிறதோ, பேட்டரி தீர்ந்து எந்தத் தரைக்குத் திரும்புகிறதோ, அந்தத் தரைக்கு வேறு பொறுப்பாளர் இருக்கிறார். சென்னையில் மாநகராட்சிப் பூங்கா என்றால் மாநகராட்சி. செம்மொழிப் பூங்கா என்றால் தோட்டக்கலைத் துறை. கிண்டி தேசியப் பூங்கா என்றால் வனத்துறை. அங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் கூடவே வருகிறது. பச்சை நிறத்தைக் காட்டி இவர்களில் எவருடைய அனுமதியையும் தாண்டிப் போக முடியாது.

அதே அளவுகோலை மறுபக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். பூங்கா மதிலில் "ட்ரோனுக்குத் தடை" என்று ஒரு பலகை மாட்டிவிட்டால் மேலேயுள்ள வானம் சிவப்பு மண்டலமாகிவிடாது. அவசரத் தேவை இருந்தால் மாநில அரசோ காவல்துறையோ தற்காலிகச் சிவப்பு மண்டலம் அறிவிக்கலாம். காவல் கண்காணிப்பாளர் அல்லது அவருக்கு இணையான பதவிக்குக் குறையாத அதிகாரி அதை அறிவிக்க வேண்டும், 96 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் காட்ட வேண்டும் என்று விதியே சொல்கிறது. முக்கியப் பிரமுகர்கள் வரும்போது காவல் ஆணையர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின் கீழ் தடை போடலாம். பழைய 144 தான் இது, இரண்டு மாதம் வரை செல்லும். பலகையின் அதிகாரம் தரையோடு நின்றுவிடுகிறது. இங்கிருந்து ஏற்றாதே, இங்கே இறக்காதே என்று அது சொல்லலாம். அதைச் சொல்லும் முழு உரிமை பூங்காவை வைத்திருப்பவருக்கு உண்டு.

இந்தத் தரை–வானப் பிரிவினையை மற்ற ஊர்களும் இழுபறிக்குப் பிறகுதான் தீர்த்துக்கொண்டன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரம், தன் சொத்துகளுக்கு மேலே அனுமதியின்றி ட்ரோன் பறக்கக் கூடாது என்று விதி போட்டது. 2017 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. வான்வெளி மத்திய அரசின் பொறுப்பு என்பதே காரணம். நியூயார்க் வேறு வழியில் போனது. வானத்தைத் தொடாமல், நகருக்குள் எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்பதைத்தான் அதன் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பொழுதுபோக்காகப் பறக்கவிடுகிறவர்களுக்காக ஃப்ளஷிங் மெடோஸ், ஃபாரஸ்ட் பார்க், மரைன் பார்க் போன்ற சில பூங்காக்களில் மாதிரி விமானத் திடல்கள் இருக்கின்றன. 2023 ஜூலை முதல் மற்றவர்களும் கட்டணம் கட்டி விண்ணப்பித்து அனுமதி பெற ஒரு வழி திறந்தது. அந்த நடைமுறை கெடுபிடியானது என்ற குறை அங்கே உண்டு. இருந்தாலும் கேட்கவேண்டிய இடம் எது, கிடைக்கும் இடம் எது என்பது எழுத்தில் இருக்கிறது. சென்னையில் நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

கேட்பதற்கு முன் நம் வீட்டைச் சரிசெய்தாக வேண்டும். கல்யாண ஆல்பத்துக்காகப் பூங்காவில் ஹெலிகேம் ஏற்றுகிறவர்களில் பலர், "இரண்டு கிலோவுக்குக் கீழே, சான்றிதழ் வேண்டாம்" என்று நம்புகிறார்கள். இது பாதி உண்மை, ஆகவே ஆபத்தானது. 250 கிராமுக்கு மேற்படாத நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு மேல் இரண்டு கிலோ வரையுள்ள மைக்ரோவுக்கு, வணிக நோக்கம் இல்லாதபோது மட்டுமே விலக்கு. ஷூட்டுக்குப் பணம் வாங்கிய நிமிடமே விலக்கு போய்விடுகிறது. நானோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். விதிமீறலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம். சான்றிதழ் எடுத்து, காப்பீடு கட்டி நேர்மையாகத் தொழில் செய்கிறவரின் விலையை, இது எதுவும் இல்லாதவர் அடித்து வீழ்த்துகிறார். பூங்கா வாசலில் எல்லோரும் சேர்ந்து கெட்ட பெயர் வாங்குகிறோம்.

காகிதம் சரியாக இருந்தாலும் பூங்கா சுலபமான களம் இல்லை. வயல்வெளியில் மருந்து தெளித்துப் பழகியவருக்குக்கூட இங்கே கை தடுமாறும். தூங்குமூஞ்சி மரத்தின் அடர்ந்த நிழலில் செயற்கைக்கோள் சிக்னல் மங்கி ஹோம் பாயிண்ட் தவறாகப் பதியலாம். உள்ளே கம்பி ஓடும் கான்கிரீட் மேடையிலிருந்து ஏற்றினால் காம்பஸ் குழம்பும். தொடர்பு அறுந்தால் ட்ரோன் நாம் முன்பே குறித்த உயரத்துக்குப் போய் நேர்கோட்டில் திரும்பும். அண்ணா நகர் டவர் பார்க்கில் நிற்கும் கோபுரம் 135 அடி, அதாவது சுமார் 41 மீட்டர். திரும்பும் உயரத்தை 30 மீட்டரில் வைத்துவிட்டுக் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் பறக்கவிட்டவரின் ட்ரோன் வீட்டுக்கு வராது, கோபுரத்தில்தான் மோதும். கிளைகளுக்குப் பின்னால் மறைந்த நொடியே பார்வைத் தொடர்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். திரையில் படம் தெரிவது அதற்கு ஈடாகாது. மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் அது மரங்களில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பருந்து வட்டமிட ஆரம்பித்தால் ஷாட் போனாலும் பரவாயில்லை என்று இறக்கிவிட வேண்டும். வக்காவும் கொக்கும் கூடு கட்டிய மரத்துக்கு மேலே போய் நிற்பதற்கு எந்த வாடிக்கையாளரின் ஆசையும் காரணமாகாது. பயந்து பறந்த தாய்ப்பறவை திரும்புவதற்குள் காகம் முட்டையை எடுத்துப் போய்விடும்.

கீழே இருப்பவர்கள் எல்லாவற்றையும்விட முக்கியம். 900 கிராம் எடையுள்ள ட்ரோன் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சறுக்குமரத்தில் ஏறும் குழந்தையின் தலைக்கு மேலே அதை நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. உடற்பயிற்சி செய்யும் பெண்கள், பெஞ்சில் அமர்ந்து பேசும் இருவர், மதிலை ஒட்டிய அடுக்குமாடியின் பால்கனி என எல்லாமே நம் லென்ஸுக்குள் விழுகின்றன. தன்னைப் படமெடுக்கிறார்களோ என்று ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாலே அன்றைய பறப்பை நிறுத்தி, இறக்கி, அவரிடம் போய்ப் பேச வேண்டும் என்பது நம் தொழிலின் ஒழுக்கமாக வேண்டும்.

மாநகராட்சிக்கு ட்ரோன் புதிதல்ல. கால்வாய்களில் கொசுப்புழு மருந்து தெளிக்க அதுவே பயன்படுத்தியிருக்கிறது. ஆகவே நம் கோரிக்கையைத் திட்டவட்டமாக வைக்கலாம். மாநகராட்சியின் ஒவ்வொரு நிர்வாக மண்டலத்திலும் ஒரு பூங்காவிலாவது, மரமும் விளையாட்டுச் சாதனமும் இல்லாத ஒரு திறந்த மூலையை ஏற்றி இறக்கும் இடமாகக் குறிக்க வேண்டும். காலை, மாலை நடைப்பயிற்சி நேரத்தைத் தவிர்த்து, வார நாள்களில் நண்பகலை ஒட்டிய சில மணி நேரம் போதும். நண்பகல் வெளிச்சம் ஒளிப்பதிவாளருக்குப் பிடிக்காது என்பது தெரியும். பிடிக்காத நேரத்தில்தான் பூங்கா காலியாக இருக்கிறது. பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் அந்த மூலையை மூடிவிடலாம். விண்ணப்பத்தில் ட்ரோனின் தனி அடையாள எண், விமானியின் சான்றிதழ், காப்பீடு மூன்றையும் கேட்கட்டும். கட்டணம் வைத்தால் கட்டுவோம். அனுமதிச் சீட்டின் நகல் ஒன்று காவலாளியிடம் இருக்க வேண்டும், புகார் கொடுக்கவேண்டிய எண் அந்தச் சீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். இரண்டாவது புகார் நிரூபணமானால் அந்த விமானிக்கு அந்த ஆண்டு முழுவதும் பூங்கா கிடையாது என்ற நிபந்தனையை நாமே முன்வந்து எழுதித் தர வேண்டும்.

இந்த ஏற்பாடு வரும்வரை, பூங்காப் பொறுப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி கையில் இல்லாமல் எந்தப் பூங்காவிலும் ப்ரொப்பல்லரை மாட்ட வேண்டாம் என்று இந்த இதழின் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வாடிக்கையாளர் முன்பணம் கொடுத்துவிட்டார் என்றால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.