நாற்காலி தரும் நோய்

தலைநகரில் வாழும் தமிழர்களில் கணிசமானோர் நாற்காலியை நம்பிப் பிழைப்பவர்கள். சர்க்கார் அலுவலகம், வங்கி, ரயில்வே, தனியார் கம்பெனி என்று இடம் வேறுபடலாம். காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பது என்பது மட்டும் மாறுவதில்லை. ஊரில் பள்ளிக்கும் சந்தைக்கும் நடந்த கால்களுக்கு இங்கே வேலை இல்லாமற் போய்விட்டது.

இதன் விளைவு என்ன என்பது இன்று நேற்றுத் தெரிய வந்ததல்ல. லண்டன் மாடி பஸ்களின் ஊழியர்களை ஆராய்ந்த டாக்டர் ஜெரி மாரிஸும் அவருடைய சகாக்களும் 1953-ல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். டிரைவர் உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ தினமும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறினார். மாரடைப்பு கண்டக்டர்களைக் குறைவாகவே தாக்கியது. நடந்து தபால் பட்டுவாடா செய்தவர்களுக்கும், உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாக்களுக்கும் இடையே அதே வித்தியாசம் காணப்பட்டது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் நடந்த ஆய்வு 1956-ல் வெளியாயிற்று. உட்கார்ந்து வேலை பார்த்த குமாஸ்தாக்கள், லேசான உடலுழைப்பு உள்ள தொழிலாளர்களைவிடக் குறைவாகச் சாப்பிடவில்லை, கூடுதலாகவே சாப்பிட்டார்கள். எடையும் கூடுதலாக இருந்தது. உழைப்பு ஓரளவுக்குக் கீழே போய்விட்டால் பசி அதற்கேற்பக் குறைவதில்லை என்பதே இதன் பாடம்.

இன்று இந்தியாவில் சுமார் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு மதிப்பிட்டது. வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று 2024-ல் வெளியான மற்றோர் ஆய்வு கூறியது. பெண்களின் நிலை ஆண்களைவிட மோசம்.

மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு யோசனை. வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி வேகமாக நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். நடக்கும்போது தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. நாளடைவில் ரத்தக் கொதிப்பு தணிகிறது. தூக்கமும் நன்றாக வருகிறது.

நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அரை மணியையும் ஒரே மூச்சில் நடந்தாக வேண்டும் என்பதில்லை. ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கலாம்; லிப்டை விட்டு மாடிப்படி ஏறலாம்; சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிஷம் நடக்கலாம். கட்டட வேலையில் கல்லும் மண்ணும் சுமக்கும் நம் சகோதரர்களுக்கு இந்த உபதேசம் தேவையில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல உணவும்தான்.

தில்லிக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. நவம்பர், டிசம்பர் மாதங்களில் புகைமூட்டம் கடுமையாக உள்ள நாட்களில் விடியற்காலை நடை நன்மையைவிடத் தீமையே செய்யும். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே உடற்பயிற்சி செய்வது நல்லது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் டாக்டரைக் கலந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

இங்குள்ள தமிழ் அமைப்புகள் கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் நம்மைக் கூட்டுகின்றன. ஞாயிறுதோறும் அருகிலுள்ள பூங்காவில் நடப்பதற்கும் கூட்டினால் என்ன? தனியே வெளியே செல்லத் தயங்கும் பெண்களுக்கு அது பெரிய துணையாக இருக்கும். மாநகராட்சியும் தன் பங்குக்குப் பூங்காக்களில் போதிய விளக்கும் காவலும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

குடும்பத்தைக் காப்பாற்றத்தான் ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். மாதாமாதம் ஊருக்குப் போகும் பணம், பல வீடுகளில் ஒருவருடைய ஆரோக்கியத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. அதைப் பேண அரை மணி ஒதுக்குவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் கடமையே ஆகும்.